பரஸ்தானம் வைத்த சிப்பங்கள்

எங்கள் நெசவாளர் சங்கத் தலைவர் பொய் சொன்னார். வாய் தவறிச் சொன்னது இல்லை. தை மாதம் சங்கத்து முற்றத்தில், ஊர் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னார். பினாங்குக்குப் போன கைலிகள் பூஞ்சை பிடித்ததற்கு மேலத்தெருக்காரர்கள் நூலுக்குப் போட்ட கஞ்சிதான் காரணம் என்றார். மறுநாளே மேலத்தெருவின் பதினான்கு தறிகளுக்கும் நூல் நின்றது. போன சங்கத் தேர்தலில் அந்தத் தெரு அவருக்கு எதிராக நின்றது என்பதை இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் அந்தச் சங்கத்தில் சரக்கு அனுப்பும் குமாஸ்தா. பெயர் சூசை. சொந்த ஊர் சேலம். ராசிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊருக்கு வேலைக்காக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மடித்த துணியை அடுக்கி, அழுத்தி, சாக்குப் போட்டுத் தைத்தால் அது சிப்பம். அதைக் கட்டி ஊர் சேர்ப்பது என் வேலை.

ஐப்பசியில் நடந்தது இது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக முப்பத்திரண்டு சிப்பங்கள் தயாராக இருந்தன. சங்கத்தின் முதல் வெளிநாட்டுச் சரக்கு. தலைவர் பஞ்சாங்கம் பார்த்து நாளும் நேரமும் குறித்தார். அன்றைக்கென்று லாரி அச்சு முறிந்து ஆண்டகளூர் கேட்டில் நின்றுவிட்டது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் ஒரு பையையோ குடையையோ அந்த நேரத்தில் வாசல் தாண்டி வெளியே எடுத்து வைப்பார்கள். அதற்குப் பெயர் பரஸ்தானம். பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு சாவகாசமாகப் போகலாம். ஆனால் வெளியே வைத்ததைத் திரும்ப உள்ளே எடுக்கக் கூடாது. ஒரு குடைக்கு இது சரி. தலைவர் முப்பத்திரண்டு சிப்பங்களுக்கும் பரஸ்தானம் வைத்தார். சங்கத்துக்கு எதிரே இருக்கும் புளியமரத்தடியில், வெறும் மண்ணில், மூன்று வரிசையாக அடுக்கச் சொன்னார். அடியில் பன்னிரண்டு, அதன் மேல் பன்னிரண்டு, உச்சியில் எட்டு.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. உள்ளே எடுத்துவிடலாம் என்று நான் இரண்டு முறை கேட்டேன். தலைவர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"வெளிய வெச்ச பரஸ்தானத்த எவனாச்சும் ஊட்டுக்குள்ள எடுப்பானா சூசை? நீ மாதா கோயிலுக்குப் போறவன், உனக்கு இது தெரியாது. படுதாவப் போட்டு மூடு."

படுதாவைப் போட்டு மூடினேன். படுதா மேலே மூடும். தண்ணீர் கீழே ஓடியது. லாரி நாலாம் நாள் வந்தது.

பினாங்கு வியாபாரியிடமிருந்து மார்கழிக் கடைசியில் கடிதம் வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். துணி கெட்டுவிட்டது, யாராவது வந்து பாருங்கள், பார்த்த பிறகு பேசலாம் என்று எழுதியிருந்தார். சங்கத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து அரைகுறை இங்கிலீஷ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். அதனால் மாசியில் என்னை அனுப்பினார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் மேலத்தெரு அங்கமுத்து வந்தார். நூல் நின்ற பதினான்கு தறிகளில் ஒன்று அவருடையது. அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

"ஏனுங்க சூசை, கஞ்சி நாங்க போட்டதுதானுங்க. அதே அரிசி, அதே பானை, கீழத்தெருக்காரனும் அதத்தான் போட்டான். அவன் துணி மட்டும் மணக்குதுங்களா? போய்ப் பாத்துட்டு வந்து, பாத்ததச் சொல்லுங்க. நாங்க வேற ஒண்ணும் கேக்கல."

கப்பலில் மேல்தளத்துப் பயணிகளுக்குப் பாயும் ஆறடி இடமும் கொடுத்தார்கள். காலையில் பருப்பும் சோறும், மாலையில் சோறும் பருப்பும். ஞாயிற்றுக்கிழமை கருவாடு. என் பக்கத்தில் படுத்திருந்த திருவாரூர்க்காரர் ஆறு நாளும் வாந்தி எடுத்தார். அவர் சோற்றையும் நான்தான் சாப்பிட்டேன்.

பினாங்கு கண்ணுக்குத் தெரிந்ததும் கப்பலை நிறுத்தினார்கள். மேல்தளத்தில் ஒருவனுக்கு உடம்பில் கொப்புளம். டாக்டர் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். எங்கள் எல்லோரையும் படகில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த ஒரு தீவில் ஐந்து நாள் வைத்தார்கள். கேபினில் வந்தவர்களைக் கரைக்கு விட்டார்கள். நோய்க்கு டிக்கெட் வகுப்பு தெரியும் போலிருக்கிறது. வியாபாரிக்கு என்று தலைவர் கொடுத்தனுப்பிய ராசிபுரத்து நெய் டின்னைத் திறந்து, எங்கள் மேல் அடித்த மருந்தை அதிலும் ஒருவன் அடித்தான். நெய் என்று சொன்னேன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

தீவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கரையில் உட்கார்ந்து எங்கள் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இறங்கிய அன்று மதியமே படகுகள் வந்து கப்பலைச் சுற்றி நின்றன. சென்னையில் இரண்டு நாள் எடுத்து ஏற்றிய வெங்காயம் அன்று இருட்டுவதற்குள் கரையேறிவிட்டது. நான் ஐந்து நாள் கழித்துப் போனேன். வெங்காயத்துக்கு அந்த ஊரில் அவசரம் இருந்தது. எனக்காக யாரும் காத்திருக்கவில்லை.

ஆறாம் நாள் ஊருக்குள் போக ஒரு மூன்றுசக்கர சைக்கிளில் ஏறினேன். நம் ஊர் ரிக்‌ஷாவில் இழுக்கிறவன் முன்னால் இருப்பான். அங்கே பயணி முன்னால் உட்கார வேண்டும், மிதிக்கிறவன் முதுகுக்குப் பின்னால் இருப்பான். எதிரே வருகிற லாரி எல்லாம் என் மேல் வருவது போலவே வந்தது. சீனக் கிழவன் ஒருவன் ஓட்டினான். முகவரிச் சீட்டைக் காட்டினேன். தலையாட்டினான். அரைமணி நேரம் மிதித்து ஒரு மீன் ஏலக் கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். என் மேலிருந்த மருந்து வாடைக்கு அதுதான் பொருத்தமான இடம் என்று நினைத்தானோ என்னவோ.

வியாபாரி நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். பினாங்கில் இரண்டாம் தலைமுறை. நெய் டின்னை முகர்ந்து பார்த்துவிட்டு, பையனிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். பிறகு மேஜையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். எங்கள் தலைவர் எழுதியது. அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். கப்பலில் கடல் தண்ணீர் புகுந்துதான் துணி கெட்டிருக்கிறது, நெசவிலோ கஞ்சியிலோ எந்தக் குறையும் இல்லை, கப்பல் கம்பெனியைக் கேளுங்கள் என்று இருந்தது. தேதியைப் பார்த்தேன். முற்றத்தில் நின்று மேலத்தெருக் கஞ்சியைக் குற்றம் சொன்ன அதே வாரம்.

நான் இரண்டு முறை படித்தேன். மரைக்காயர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தலைவரு கப்பலைச் சொல்றாரு. கப்பல்காரன் துறைமுகத்தைச் சொல்றான். துறைமுகத்துக்காரன் உங்க ஊரைச் சொல்றான். நீங்க யாரைச் சொல்லப் போறீங்க தம்பி?"

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் துறைமுகத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் போனோம். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை லாரி ஆபீஸ்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிட்டங்கியைப் புரியவைப்பது கஷ்டம். நீளமாக, ஒரு தெரு அளவு. தரை சிமெண்டு. அந்தத் தரை லாரியின் பலகை உயரத்துக்கு உயர்த்தியிருக்கிறது. லாரி பின்னால் வந்து ஒட்டி நின்றால் மூட்டையைத் தூக்க வேண்டாம், தள்ளினால் போதும். சிமெண்டிலும் நேராக வைப்பதில்லை. கட்டைகளைப் பரப்பி அதன் மேல்தான் வைக்கிறார்கள். கூரையின் விளிம்பு லாரியையும் தாண்டி நீண்டிருக்கிறது. மழை பெய்துகொண்டேதான் இருந்தது. ஒரு மூட்டையும் நனையவில்லை.

அங்கே எண்ணிக்கை எடுக்கும் பரமக்குடிக்காரர் காளிமுத்து எனக்குத் துணையாக வந்தார். ஒரு சரக்கை எத்தனை நாள் வாடகையில்லாமல் வைக்கலாம் என்று கேட்டேன். சில நாள்தான், அதற்குப் பிறகு வாடகை ஏறிக்கொண்டே போகும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி அனுப்புங்கள் என்று மரைக்காயர் முதலிலேயே எழுதியிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அந்தக் கிட்டங்கி அவரைச் சரக்கு சேர்த்து வைக்க விடாது. அவர் எங்களைச் சேர்த்து அனுப்ப விடமாட்டார். நாங்களோ நல்ல நாளுக்காகச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பினோம். கப்பல் சரக்கு வாங்குவதை நிறுத்தும் நேரம் பலகையில் எழுதியிருந்தது. அந்த ஊரில் எல்லோருக்கும் அதுதான் ராகு காலம், அதுதான் நல்ல நேரம்.

யாராவது வந்து பார்க்கும்வரை என்று மரைக்காயர் வாடகை கட்டி வைத்திருந்த எங்கள் சிப்பங்கள் ஒரு மூலையில் தனியாக இருந்தன. பினாங்குக்கு வந்த இருபத்துநாலில் பன்னிரண்டு கெட்டிருந்தன. மற்றப் பன்னிரண்டு நன்றாக இருந்தன. கெட்டவற்றின் எண்களைப் பார்த்தேன். அடுக்கும்போது எண் போட்டது நான். ஒன்று முதல் பன்னிரண்டு வரை. புளியமரத்தடியில் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த வரிசை.

கிட்டங்கி மேஸ்திரி ஒரு சீனர். ஒரு சிப்பத்தின் சாக்கில் கொஞ்சம் கிழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார். மலாயில் ஏதோ சொன்னார்.

"உப்பு இல்லேங்கிறாரு அண்ணே," என்றார் காளிமுத்து. "கடல் தண்ணி பட்டிருந்தா இப்பவும் கரிக்குமாம்."

பிறகு மேஸ்திரி சாக்கின் அடியில் ஒட்டிக் காய்ந்திருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டினார். கால் அடியில் இருந்த சிமெண்டைக் காட்டினார். வெளியே தார் ரோட்டைக் காட்டினார். தையலுக்குள் எதையோ நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். ஆட்டுப் புழுக்கை. சுற்றி நின்ற கூலிக்காரர்கள் சிரித்தார்கள்.

"உங்க ஊருக் கப்பல்ல ஆடும் டிக்கெட் எடுத்து வருமான்னு கேக்குறாரு," என்றார் காளிமுத்து. அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் அண்ணே, அங்கிட்டு ஏத்துமதிச் சாமானை மண்ணுலயா வைப்பாக?"

ஒரு சிப்பத்தைப் பிரிக்கச் சொன்னேன். எங்கள் சங்கத்தில் தெருவுக்கு ஒரு நிறமாகக் கைலியின் முனையில் ஒரு இழை விட்டு நெய்வார்கள். மேலத்தெரு பச்சை, கீழத்தெரு மஞ்சள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பூஞ்சை. அந்த ஒரு சாணில் பச்சையும் இருந்தது, மஞ்சளும் இருந்தது. மேலே இருந்த மடிப்புகளிலும் பச்சை இருந்தது. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம், அப்படி இருந்தது.

என் பங்கையும் இங்கே எழுதிவிடுகிறேன். லாரி வந்த அன்று அடி வரிசையில் கை வைத்தேன். ஈரம். அரை நாள் வெயிலில் புரட்டிப் போட்டேன். மேல்சாக்கு காய்ந்தது. சாக்கு காய்ந்தால் துணியும் காய்ந்தது என்று நானே முடிவு செய்து, சரக்கு உலர்ந்த நிலையில் ஏற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே தார்க் காகிதம் சுற்ற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. மேலத்தெருவுக்கு நூல் நின்றபோது இதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. கஞ்சியாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் காளிமுத்து என்னைச் சாப்பிடக் கூட்டிப் போனார். தோளில் காவடி போல் மூங்கில், ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்புகள். நம் ராவுத்தர் ஒருவர் துறைமுக வாசலில் விற்றார். மீன் குழம்பையும் கறிக் குழம்பையும் ஒரே சோற்றில் ஊற்றித் தருகிறார்கள். நம் ஊரில் ஊற்றினால் சண்டை வரும். அங்கே நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட கீழக்கரைக்காரர் இருபது வருஷம் கப்பலில் இருந்தவர். ரங்கூனில் அரிசி ஆலைகளுக்குச் சொந்தப் படகுத்துறை உண்டு, அதனால் அரிசி தெருவையே பார்க்காமல் கப்பலுக்குப் போகும் என்றார். ஹாம்பர்க்கில் ரயிலும் கப்பலும் அக்கம்பக்கத்தில் நிற்கும், நடுவில் கிட்டங்கி இருக்கும், சரக்கு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும் என்றார். அமெரிக்காவில் இப்போது லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைக்கிறார்கள் என்றும் சொன்னார். இதை நான் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் யோசித்தேன். அப்படி ஒரு பெட்டியை எங்கள் ஊரில் பூட்டினால் பினாங்கில்தான் திறப்பார்கள். நடுவில் எந்தத் தலைவராலும் அதைப் பிரித்துப் புளியமரத்தடியில் அடுக்க முடியாது.

உச்சி வரிசையின் எட்டுச் சிப்பங்கள் சிங்கப்பூருக்குப் போயிருந்தன. அவற்றையும் பார்த்தால்தான் என் வேலை முடியும். ரயிலில் போனேன். வழியில் தண்டவாளத்தில் மரம் விழுந்து நாலு மணி நேரம் ரப்பர் தோட்டத்து நடுவில் நின்றோம். தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். ராசிபுரம் என்றதும் ஒருத்தி, அது நாமக்கல்லுக்கு மேற்கேயா கிழக்கேயா என்றாள். வடக்கே என்றேன். அவள் தாத்தா மோகனூராம். அவள் காவிரியைப் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் சரக்கு இறக்குவது வேறு விதம். ஆற்றில் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பலகை. ஒன்றரைச் சாண் அகலம். அதில் ஒரு ஆள் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். வளைகிற பலகையின் ஆட்டத்துக்குத் தக்கபடி காலை வைக்கிறான். நான் ஒரு முறை வெறுங்கையோடு ஏறினேன். நடுவில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் வந்து என்னை எடுத்துப் போனார்கள்.

கடைக்காரர் ஒரு குஜராத்தி. எங்கள் சிப்பம் ஒரு ஆள் தூக்கும் அளவில் இல்லை, அதனால் ஒவ்வொன்றையும் படகிலேயே பிரித்துப் பாதி பாதியாகக் கொண்டுவந்தோம் என்று இங்கிலீஷில் குறைப்பட்டார். சுமத்ராவுக்குச் சில்லறையாக வாங்குகிறவர்களும் சிறு படகில்தான் வருகிறார்கள். பாதி அளவில் கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கிறேன் என்றார். சிப்பத்தின் அளவை எங்கள் அழுத்து மரத்தின் அகலம் முடிவு செய்கிறது என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். வாங்கப்போகிற ஊரின் பலகையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

துணி எப்படி இருந்தது என்று கேட்டேன். மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். எட்டிலும் ஒரு புள்ளி இல்லை. பாதிக்கு மேல் பச்சை இழை. அதே கஞ்சி, அதே கப்பல். மண்ணைத் தொடாத வரிசை.

திரும்பும் கப்பலில் நானும் வாந்தி எடுத்தேன். என் சோற்றை வேறு யாரோ சாப்பிட்டார்கள்.

ஊர் வந்த அன்றே தலைவர் வீட்டுக்குப் போனேன். சிப்பத்தின் எண்கள், மண், உப்பில்லாத சாக்கு, பச்சை இழை, சிங்கப்பூர் எட்டு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். மரைக்காயர் கொடுத்த கடிதத்தையும் மேலே வைத்தேன். தலைவர் தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காகிதங்களை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கோபப்படவில்லை. எனக்கு மோர் வரவழைத்தார்.

"நீ பாத்தது பாத்ததாவே இருக்கட்டும் சூசை. அடுத்த மாசம் மேலத்தெருவுக்கு நூல உட்டுடறேன். பேச்சு எதுக்கு? பரஸ்தானத்தால சரக்கு கெட்டுப் போச்சுன்னா நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?"

நூல் கிடைத்தால் போதும் என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். மேலத்தெருவுக்குப் போனேன். அங்கமுத்து இல்லை. குமாரபாளையத்தில் கூலிக்குப் போய் அடுத்தவர் தறியில் உட்கார்ந்திருப்பதாக அவர் மனைவி பாவாயி சொன்னார். அவர்களுடைய தறி மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. தலைவர் நூல் தருவதாகச் சொன்னதைச் சொன்னேன். பாவாயி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நூல வெச்சு என்னங்க பண்றது? சந்தையில பச்ச இழையப் பாத்ததும் துணியக் கீழ போட்டுடறாங்க. ஊசக்கஞ்சித் தெருவுன்னு பேரு வெச்சுட்டாங்க. குமாரபாளையத்துல கூட இவரு எந்தத் தெருவுன்னு கேட்டுட்டுத்தான் தறியக் குடுத்தாங்களாமா. கஞ்சி நல்ல கஞ்சின்னு அந்த முத்தத்துலயே நின்னு தலைவரு சொல்லட்டுங்க. அப்புறம் நூலப் பத்திப் பேசலாமுங்க."

பிறகு கேட்டார்: "நீங்க பாத்தீங்கல்ல? பாத்ததச் சொன்னீங்களா?"

தலைவரிடம் சொன்னேன் என்றேன். தலைவரிடம் சொல்வதற்குப் பினாங்கு வரை போகவேண்டியதில்லையே என்றார் பாவாயி. அவர் சொன்னது சரி. அதனால் இதை எழுதுகிறேன். நான் எழுதிக் கொடுத்த காகிதம் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இது அச்சில் இருக்கும்.

தலைவர் அவர்களே, சரக்கு உலர்ந்திருந்தது என்று நான் போட்ட கையெழுத்து தவறு. வேலையிலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள், சங்கத்து மகாசபையில் ஒப்புக்கொண்டுவிட்டுப் போகிறேன். உங்களிடம் கேட்பது வேறு. ஒரே வாரத்தில் மரைக்காயருக்குக் கடல் தண்ணீர் என்று எழுதினீர்கள், மேலத்தெருவுக்குக் கஞ்சி என்று சொன்னீர்கள். கஞ்சியில் குறையில்லை என்று கடல் தாண்டி எழுதத் தெரிந்த உங்களுக்கு, எதிர்த் தெருவில் சொல்ல ஏன் வாய் வரவில்லை? வைகாசி மகாசபையில், முதல் வேலையாக, பதினான்கு தறிக்காரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். எனக்கு மோர் வேண்டாம்.